லினக்ஸ் கர்னலுக்கு கம்பைலர் ஃபிளாக்குகள்: எது எதற்கு, எங்கே போடுவது

ஜிசிசி 15 கம்பைலர் (சி நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) உள்ள கணினியில், சற்றுப் பழைய லினக்ஸ் கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) பில்டு செய்தவர்கள் பலர் ஒரே இடத்தில் முட்டி நின்றார்கள். கர்னலின் பெரும்பகுதி ஒழுங்காக கம்பைல் ஆகிவிடுகிறது. கணினி துவங்கும்போது முதலில் ஓடும் பகுதிக்கு வந்ததும், 'ஃபால்ஸ்' என்பது மொழியின் சொந்தச் சொல், அதை எனம் மாறிலியாக வைக்க முடியாது என்று பிழை வருகிறது. கூடவே, 'பூல்' என்பதை டைப்டெஃப் மூலம் வரையறுக்க முடியாது என்று இன்னொரு பிழை. காரணம் தெளிவானது. 2025 ஏப்ரலில் வெளிவந்த ஜிசிசி 15, சி மொழியின் இயல்புநிலைப் பதிப்பை சி23-க்கு மாற்றியது. அதில் பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள். பழைய கர்னலோ அவற்றைத் தானே வரையறுத்துக்கொள்கிறது.

குழப்பம் இதற்கு அடுத்த படியில். பழைய பதிப்பைக் கேட்கும் -எஸ்டிடி=ஜிஎன்யு11 என்ற ஃபிளாக்கை (கம்பைலருக்குத் தரும் குறிப்பு), பில்டை நடத்தும் 'மேக்' கட்டளையோடு கேசிஃபிளாக்ஸ் என்ற மாறி வழியே கொடுத்துப் பார்த்தாலும் அதே பிழைதான் வருகிறது. சரியான ஃபிளாக்கைக் கொடுத்த பிறகும் ஏன் இப்படி? இதற்கு விடை காண இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: ஒரு ஃபிளாக் கம்பைலரிடம் என்ன சொல்கிறது, அது எந்தெந்தக் கோப்புகளைச் சென்றடைகிறது. (ஃபிளாக்குகளின் பெயர்கள் இங்கே உச்சரிப்புப்படி எழுதப்பட்டுள்ளன. முன்னாலும் இடையிலும் வரும் கோடுகள் கட்டளையில் உள்ளபடியே.)

கம்பைலரின் இயல்புநிலை யாருக்காக?

ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களுமே ஃபிளாக் எதுவும் கொடுக்காவிட்டால் சில அனுமானங்களோடு வேலை செய்கின்றன. கீழே ஓர் இயங்குதளம் இருக்கிறது. சி நூலகம் இருக்கிறது. சிபியுவுக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களான ரிஜிஸ்டர்களை வேறு யாரோ பத்திரமாகச் சேமித்து மீட்டுத் தருகிறார்கள். ஃபங்ஷன்களின் மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கில் வேறு யாரும் குறுக்கே எழுத மாட்டார்கள். சாதாரண நிரலுக்கு இவை எல்லாம் உண்மை. கர்னலுக்கு ஒன்றுகூட உண்மையில்லை, ஏனென்றால் அந்த 'வேறு யாரோ' கர்னல்தான். அதனால் கர்னலின் ஃபிளாக் பட்டியலில் பெரும்பகுதி வேகத்தைக் கூட்ட வந்ததல்ல. இந்த அனுமானங்களை ஒவ்வொன்றாக ரத்து செய்ய வந்தது. இயல்புநிலையை நம்பி எதையாவது சொல்லாமல் விட்டால், கம்பைலரின் அடுத்த பதிப்போ, உபுண்டு போன்ற டிஸ்ட்ரோவின் அடுத்த வெளியீடோ அந்த இடத்தில் கை வைக்கும்.

சொந்தமாகச் சிறு கர்னல் எழுதுபவர்கள் -எஃப்ஃபிரீஸ்டாண்டிங், -நோஸ்டிடிலிப் இரண்டையும் கொடுத்ததும் நூலகச் சார்பு முற்றிலும் போய்விட்டது என்று நினைப்பதுண்டு. போகாது. மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்சிஎம்பி ஆகிய நான்கு நினைவக ஃபங்ஷன்களும் எப்போதும் இருக்க வேண்டும் என்று ஜிசிசி எதிர்பார்க்கிறது. பெரிய ஸ்டிரக்சர் ஒன்றை நகலெடுத்தால், நீங்கள் கேட்காமலே மெம்காப்பியை அழைக்கும். இன்னொரு பொறியும் உண்டு. நீங்கள் எழுதிய மெம்காப்பிக்குள் இருக்கும் லூப்பைப் பார்த்து, 'இது நகலெடுக்கும் வேலை' என்று கண்டுகொண்டு, அந்த லூப்பையே மெம்காப்பி அழைப்பாக மாற்றிவிடும். ஃபங்ஷன் தன்னையே அழைத்து, ஸ்டாக் தீர்ந்து விழும். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் -எஃப்நோ-ட்ரீ-லூப்-டிஸ்ட்ரிப்யூட்-பேட்டர்ன்ஸ் கொடுத்தால் சரியாகும்.

ரத்து செய்தே ஆக வேண்டிய அனுமானங்கள்

எக்ஸ்86-64-ஐ (இன்டெல், ஏஎம்டி 64-பிட் சிபியு வகை) வைத்துப் பார்ப்போம்.

1. ரெட் ஸோன். இந்த வகைச் சிபியுவுக்கான சிஸ்டம் வி ஏபிஐ (ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைப்பதற்கான விதித்தொகுப்பு) ஒரு சலுகை தருகிறது. வேறு எதையும் அழைக்காத ஃபங்ஷன், ஸ்டாக்கின் தற்போதைய நுனியைக் காட்டும் ஸ்டாக் பாயின்டருக்குக் கீழே உள்ள 128 பைட்டை, பாயின்டரை நகர்த்தாமலே தன் மாறிகளுக்குப் பயன்படுத்தலாம். இரண்டு கட்டளைகள் மிச்சம். சாதாரண நிரலில் இதனால் ஆபத்தில்லை: இன்டரப்ட் (சாதனங்கள் சிபியுவை இடைமறித்து அழைப்பது) வந்தால் சிபியு கர்னலின் ஸ்டாக்குக்கு மாறிவிடும், சிக்னல் வந்தால் கர்னல் அந்த 128 பைட்டைத் தாண்டித்தான் எழுதும். ஆனால் கர்னல் கோடு ஓடும்போது இன்டரப்ட் வந்தால் பொதுவாக ஸ்டாக் மாறுவதில்லை. எஸ்எஸ், ஆர்எஸ்பி, ஆர்ஃபிளாக்ஸ், சிஎஸ், ஆர்ஐபி ஆகிய ஐந்தையும் தலா 8 பைட்டாக, மொத்தம் 40 பைட், சிபியு அதே ஸ்டாக்கில் தள்ளும். அவை விழும் இடம் அந்த ஃபங்ஷனின் மாறிகள் இருக்கும் இடம்.

இந்தப் பிழையைத் தேடுவது மிகக் கடினம். இன்டரப்ட் சரியாக அந்தச் சில கட்டளைகளுக்கு நடுவே வந்தால்தான் மாறி கெடும். மதிப்பை அச்சிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பிரின்ட் வரியைச் சேர்த்தால் பிழை மறைந்துவிடும், ஏனென்றால் இப்போது அது 'வேறு எதையும் அழைக்காத ஃபங்ஷன்' இல்லை. கம்பைலர் ஸ்டாக் பாயின்டரை ஒழுங்காக நகர்த்திவிடுகிறது. எனவே -எம்நோ-ரெட்-ஸோன் கட்டாயம். சொந்தக் கர்னலோடு ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசியை இணைப்பவர்கள் அதையும் இதே ஃபிளாக்கோடு தனியாக பில்டு செய்ய வேண்டும். தயாராகக் கிடைக்கும் நூலகத்துக்குள் ரெட் ஸோன் பயன்படுத்தும் கோடு ஏற்கெனவே உறைந்து கிடக்கிறது. உங்கள் ஃபிளாக் அதைத் தொடாது.

2. வெக்டர் ரிஜிஸ்டர்கள். ஒரு நிரல் சிஸ்டம் கால் செய்து (கர்னலிடம் வேலை கேட்டு) கர்னலுக்குள் வரும்போது, பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் அதன் எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் ரிஜிஸ்டர்களை கர்னல் ஒவ்வொரு முறையும் சேமிப்பதில்லை. சேமித்தால் செலவு தாங்காது. ஆகவே கர்னல் கோடு அவற்றைத் தொட்டால் யாரோ ஒரு நிரலின் கணக்கு சத்தமில்லாமல் கெடும். -எம்நோ-எஸ்எஸ்இ, -எம்நோ-எம்எம்எக்ஸ், -எம்நோ-ஏவிஎக்ஸ் எல்லாம் இதைத் தடுக்கத்தான். ஆர்ம்64-இல் இதே வேலையை -எம்ஜெனரல்-ரெக்ஸ்-ஒன்லி என்ற ஒரே ஃபிளாக் செய்கிறது. 'நான் தசம எண்ணையே பயன்படுத்தவில்லை, எனக்கு எதற்கு' என்று விட முடியாது. 16 பைட் ஸ்டிரக்சரைச் சுழியாக்கவே கம்பைலர் எஸ்எஸ்இ-யின் எக்ஸ்எம்எம் ரிஜிஸ்டரை எடுக்கும். போதாக்குறைக்கு, 2022-இல் வந்த ஜிசிசி 12 முதல் -ஓ2 நிலையிலேயே லூப்களை வெக்டர் கட்டளைகளாக மாற்றுவது இயல்புநிலை ஆகிவிட்டது. எஸ்எஸ்இ-யை இன்னும் இயக்கி வைக்காத புதுக் கர்னலில் அப்படி ஒரு கட்டளை வந்தால் 'தவறான கட்டளை' எக்செப்ஷன். அதைப் பிடிக்க ஹேண்ட்லரும் இல்லையென்றால் ட்ரிபிள் ஃபால்ட், கணினி ரீபூட். காரணம் சொல்ல திரையில் ஒரு எழுத்துகூட இருக்காது.

தசமக் கணக்கு உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் கர்னலில் உண்டு. ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவரின் டிஸ்ப்ளே பகுதி அப்படிப்பட்டது. அங்கே குறிப்பிட்ட கோப்புகளுக்கு மட்டும் இந்தத் தடையை நீக்கி, அவற்றை அழைக்கும் இடத்தில் கர்னல்_எஃப்பியு_பிகின், கர்னல்_எஃப்பியு_எண்ட் என்ற வேலி போடுகிறார்கள். வேலிக்குள் இருக்கும் கோடும் வெளியே இருக்கும் கோடும் தனித்தனிக் கோப்பில் இருக்க வேண்டும். ஒரே கோப்பில் வைத்தால் வேலிக்கு வெளியேயும் கம்பைலர் அந்த ரிஜிஸ்டர்களை எடுத்துக்கொள்ளும்.

3. முகவரி மாடல். எக்ஸ்86-64 கர்னல் 64-பிட் முகவரி வெளியின் உச்சியில் உள்ள கடைசி 2 ஜிபிக்குள் அமர்கிறது. -எம்சிமாடல்=கர்னல் இதைச் சொன்னால் கம்பைலர் 32-பிட் முகவரிகளிலேயே வேலையை முடிக்கும். 2016 அக்டோபரில் வந்த உபுண்டு 16.10, எல்லா நிரல்களையும் பிஐஇ முறையில் (நினைவகத்தின் எந்த முகவரியிலும் ஓடும்படி) கம்பைல் செய்வதை ஜிசிசியின் இயல்புநிலை ஆக்கியது. பாதுகாப்புக்கு நல்ல முடிவு. ஆனால் பிஐஇ-யும் கர்னல் மாடலும் ஒன்றோடொன்று சேராது. அன்றைய கர்னல்கள் பில்டு ஆகாமல் நின்றன. பிறகு -எஃப்நோ-பிஐஇ என்று வெளிப்படையாக எழுதப்பட்டது. ஜிசிசி 15 விவகாரம் இதே கதையின் அடுத்த சுற்று.

4. நல் பாயின்டர் சோதனை. 2009-இல் 2.6.30 கர்னலின் டன் டிரைவரில் (மெய்நிகர் நெட்வொர்க் சாதனத்துக்கானது) ஒரு ஃபங்ஷன், 'டன்' என்ற பாயின்டருக்குள் இருந்து சாக்கெட்டை முதல் வரியிலேயே எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்தப் பாயின்டர் 'நல்' (எதையும் சுட்டாதது) தானா என்று சோதித்தது. ஜிசிசியின் பார்வையில்: பாயின்டரை ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டது, அது 'நல்' ஆக இருந்தால் வரையறுக்கப்படாத நடத்தை, ஆகவே 'நல்' ஆக இருக்கவே முடியாது, சோதனை வீண். சோதனையை நீக்கிவிட்டது. சாதாரண நிரலாக இருந்தால் முதல் வரியிலேயே கிராஷ் ஆகி முடிந்திருக்கும். கர்னலிலோ, சுழியாம் முகவரியில் ஒரு பக்கத்தை மேப் செய்ய முடிந்த பயனர் அங்கே தான் விரும்பியதை வைத்து ரூட் அதிகாரம் பெற முடிந்தது. மூல நிரலைப் படிப்பவர் கண்ணுக்குச் சோதனை வரி தெரியும். ஓடும் கர்னலில் அது இல்லை. அந்த ஆண்டே -எஃப்நோ-டிலீட்-நல்-பாயின்டர்-செக்ஸ் சேர்க்கப்பட்டது.

5. -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங், -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஓவர்ஃப்ளோ இரண்டும் இதே இனம். ஒரே நினைவிடத்தை வெவ்வேறு டைப்பில் படிப்பதும், முழு எண் எல்லை தாண்டிச் சுற்றிவருவதும் கர்னலில் நடக்கும். சி தரநிலையைக் காட்டி அவற்றை 'நடக்காது' என்று கம்பைலர் கழித்துவிடக் கூடாது.

6. ஸ்டாக் புரொடெக்டர். ஸ்டாக்கில் எல்லை மீறி எழுதப்பட்டதா என்று, அங்கே வைத்த 'கேனரி' என்ற மதிப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வசதி. லினக்ஸ் இதை -எஃப்ஸ்டாக்-புரொடெக்டர்-ஸ்ட்ராங் என்று வேண்டியே போடுகிறது. விடக் கூடாத பாதுகாப்பு அது. சொந்தக் கர்னலில் தொடக்கத்தில் -எஃப்நோ-ஸ்டாக்-புரொடெக்டர் கொடுங்கள். உபுண்டு போன்றவற்றின் ஜிசிசி இதைத் தானாகவே போட்டுவிடும். கேனரி மதிப்பைத் தேடி நீங்கள் அமைக்காத எஃப்எஸ் செக்மென்ட்டில் கை வைக்கும்.

-ஓ0 ஏன் ஓடாது, -ஓ3 ஏன் வேண்டாம்

லினக்ஸின் இயல்புநிலை -ஓ2. அளவைச் சுருக்க -ஓஎஸ் என்ற தேர்வும் உண்டு. டீபக் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று -ஓ0 வைத்தால் பில்டே முடியாது. கம்பைலர் தேவையற்ற கிளைகளை நீக்கிவிடும் என்று நம்பித்தான் கர்னல் எழுதப்பட்டிருக்கிறது. அணைத்து வைத்த வசதி ஒன்றின் ஃபங்ஷன், ஒருபோதும் ஓடாத ஒரு 'இஃப்' கிளைக்குள் அழைக்கப்பட்டிருக்கும். -ஓ2 அந்தக் கிளையையே வெட்டிவிடும்; -ஓ0 விட்டுவைக்கும்; கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் அந்த ஃபங்ஷனைத் தேடித் தோற்கும். கம்பைல் நேரத்திலேயே பிழையைச் சொல்லும் பில்டு_பக்_ஆன் வகைச் சோதனைகளும், மாறிலி மதிப்பைக் கோரும் இன்லைன் அசெம்பிளியும் இதே நம்பிக்கையில் நிற்பவை. டீபக் தகவலுக்கு -ஜி போதும். அதற்காக ஆப்டிமைசேஷனைக் குறைக்க வேண்டியதில்லை.

-ஓ3 பெரும்பாலும் லூப்களை விரித்தும் ஃபங்ஷன்களைப் பிரதியெடுத்தும் கோடைப் பெருக்கும். கர்னலில் நீண்ட கணக்கு லூப்கள் குறைவு. கட்டளைக் கேஷ் நெருக்கடிதான் அதிகம். ஸ்டாக்கும் சிறியது: எக்ஸ்86-64-இல் ஒரு த்ரெட்டுக்கு 16 கேபி. 2022-இல் -ஓ3-ஐ எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் (சிபியு வகைக்கும்) திறந்துவிடும் முன்மொழிவு வந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் எதிர்த்தார். அதுவரை ஏஆர்சி என்ற ஆர்க்கிடெக்சருக்கு மட்டும் இருந்த கான்ஃபிக் தேர்வே நீக்கப்பட்டது. அளந்து பார்த்த ஆதாரம் கையில் இல்லாமல் -ஓ3 போடுவதில் பயனில்லை.

ஃபிளாக்கை எங்கே எழுதுவது

கர்னலின் பில்டு அமைப்பான கேபில்டு ஒரு சி கோப்புக்கான கட்டளையை இந்த வரிசையில் கோக்கிறது:

1. மேல்நிலை மேக்ஃபைலும் (பில்டு விதிகள் உள்ள கோப்பு), ஆர்க்கிடெக்சரின் மேக்ஃபைலும் கேபில்டு_சிஃபிளாக்ஸ் என்ற மாறியை நிரப்பும்.
2. நீங்கள் கட்டளை வரியில் கொடுக்கும் கேசிஃபிளாக்ஸ் அதன் கடைசியில் ஒட்டப்படும்.
3. அந்த டைரக்டரிக்கு உரிய சிசிஃபிளாக்ஸ்-ஒய் அடுத்து வரும்.
4. அந்த ஒரு கோப்புக்கு மட்டும் உரிய சிஃபிளாக்ஸ்_கோப்புப்பெயர் கடைசி. நீக்க வேண்டியதை சிஃபிளாக்ஸ்_ரிமூவ்_கோப்புப்பெயர் நீக்கும். சொல் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் நீக்கும். -ஓ2 என்று இருப்பதை -ஓ என்று எழுதி நீக்க முடியாது.

முரண்பட்ட இரண்டு ஃபிளாக் வந்தால் பொதுவாகப் பின்னால் வருவதே செல்லும். ஷெல்லில் நீங்கள் ஏற்றுமதி செய்து வைத்த சாதாரண சிஃபிளாக்ஸ் மாறியை கர்னல் வேண்டுமென்றே கண்டுகொள்வதில்லை. அதில் எதையாவது எழுதிவிட்டு 'பில்டு ஆனது, ஆனால் மாற்றமே இல்லை' என்று தவிப்பவர்கள் நிறைய.

இப்போது ஜிசிசி 15 புதிருக்கு விடை. கர்னல் மூலத்துக்குள் எல்லாமே 'கர்னல்' அல்ல. சுருக்கிய கர்னலை விரிக்கும் பகுதி, கர்னல் தன் இடத்தில் அமரும் முன்பே ஓடுகிறது. அதற்கு கர்னல் முகவரி மாடல் உதவாது, பிஐஇ முறையே வேண்டும். ரியல் மோடு பகுதி 16-பிட்டில் ஓடுவதால் -எம்16 வேண்டும். விடிஎஸ்ஓ என்ற, கர்னல் தரும் சிறு நூலகம் பயனர் நிரலுக்குள்ளேயே ஓடுகிறது. இந்தப் பகுதிகளில் பல, மேலிருந்து வந்த கேபில்டு_சிஃபிளாக்ஸை அழித்துவிட்டுத் தங்கள் பட்டியலைப் புதிதாகத் தொடங்குகின்றன. அழிக்கும்போது, அதில் ஒட்டியிருந்த உங்கள் கேசிஃபிளாக்ஸும் போய்விடும். முதன்மைக் கர்னலின் பட்டியலில் -எஸ்டிடி எழுதப்பட்டிருந்தது: நெடுங்காலம் ஜிஎன்யு89, 2022-இல் வந்த 5.18 முதல் ஜிஎன்யு11. இந்தத் தனிப் பட்டியல்களில் சிலவற்றில் அதை எழுத விட்டுப்போயிருந்தது. ஜிசிசி 15 வரும்வரை அந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை.

எக்ஸ்86 துவக்கப் பகுதிக்கும், இஎஃப்ஐ (கணினியைத் துவக்கும் ஃபர்ம்வேர்) தொடர்பான பகுதிக்கும் இதைச் சரிசெய்யும் பேட்ச்கள் வந்துவிட்டன. அவை உள்ள ஸ்டேபிள் பதிப்புக்கு மாறுவதே நல்லது. பழைய பதிப்பை விட முடியாதவர்கள், கம்பைலரின் பெயரோடேயே ஃபிளாக்கைச் சேர்த்து, சிசி="ஜிசிசி -எஸ்டிடி=ஜிஎன்யு11" என்று மேக் கட்டளைக்குக் கொடுக்கலாம். ஃபிளாக் பட்டியலை அழிப்பவர்கள் கம்பைலர் பெயரை அழிப்பதில்லை, அதனால் இது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். முதன்மைக் கர்னலில் அதன் சொந்த -எஸ்டிடி பின்னால் வருவதால் அதுவே செல்லும். அங்கே எதுவும் மாறாது.

சிசி-ஆப்ஷன் பற்றி ஓர் எச்சரிக்கை. கம்பைலருக்குத் தெரிந்த ஃபிளாக்கை மட்டும் சேர்க்க மேக்ஃபைல்களில் இதைப் பயன்படுத்துகிறோம். தெரியாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதாவது ஃபிளாக் பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் சத்தமில்லாமல் விட்டுவிடும். இதற்கு நேர்மாறு ஒன்றும் உண்டு: -டபிள்யுநோ என்று தொடங்கும் அறியாத ஃபிளாக்கை ஜிசிசி ஆட்சேபிக்காமல் ஏற்கும். ஆகவே ஓர் எச்சரிக்கையை அணைக்கும் ஃபிளாக் இருக்கிறதா என்று சோதிக்க, அதன் நேர் வடிவத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது

1. 'மேக் வி=1' என்று கொடுத்து ஒரே ஒரு ஓ-கோப்பை (ஒரு சி கோப்பைக் கம்பைல் செய்தால் கிடைப்பது) மட்டும் பில்டு செய்யுங்கள். முழுக் கட்டளையும் திரையில் வரும்.

2. ஏற்கெனவே பில்டு ஆனதென்றால், ஓ-கோப்பின் பக்கத்திலேயே புள்ளியில் தொடங்கி .சிஎம்டி என்று முடியும் மறைகோப்பு இருக்கும். அதில் அந்தக் கட்டளை அப்படியே பதிவாகியிருக்கும். அடுத்த முறை கட்டளை மாறியிருந்தால் கேபில்டு தானே கண்டுகொண்டு அந்தக் கோப்பைத் திரும்ப பில்டு செய்யும். 'மேக் கிளீன்' தேவையில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு: முதல் முறை கேசிஃபிளாக்ஸ் கொடுத்துவிட்டு, அடுத்து 'மேக் மாட்யூல்ஸ்' சொல்லும்போது மறந்தால், ஃபிளாக் இல்லாத கட்டளையே புதுக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு கோப்புகளை மறுபடி பில்டு செய்துவிடும்.

3. உங்கள் ஜிசிசியின் இயல்புநிலையைத் தெரிந்துகொள்ள, காலிக் கோப்பைக் கொடுத்து -டிஎம் -இ ஃபிளாக்குகளோடு ஓட்டி, மேக்ரோ பட்டியலைப் பாருங்கள். சி பதிப்பைச் சொல்லும் மேக்ரோ சி11-க்கு 201112 என்றும், சி23-க்கு 202311 என்றும் காட்டும். பிஐஇ, எஸ்எஸ்இ மேக்ரோக்கள் இருக்கின்றனவா என்றும் அங்கேயே தெரியும்.

4. ஓ-கோப்பை ஆப்ஜ்டம்ப் என்ற கருவி மூலம் பிரித்து எக்ஸ்எம்எம் என்று தேடுங்கள். கிரிப்டோ பகுதியில் இருந்தால் இயல்பு. உங்கள் டிரைவரில் இருந்தால், மேலே 'வெக்டர் ரிஜிஸ்டர்கள்' பற்றிச் சொன்ன ஆபத்து.

வெளி மாட்யூல்களில் வரும் வினோதப் பிழை

கிராஃபிக்ஸ் டிரைவர் போன்றவற்றை டிகேஎம்எஸ் (வெளி மாட்யூல்களைத் தானாக பில்டு செய்யும் கருவி) வழியே கம்பைல் செய்யும்போது '-எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்=ஸீரோ என்ற ஃபிளாக் தெரியவில்லை' என்று ஜிசிசி மறுப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த ஃபிளாக்கை நீங்கள் எழுதவே இல்லை. கர்னல் பில்டு ஆனபோது அதன் கான்ஃபிக் எந்தக் கம்பைலர் என்ன என்ன செய்யும் என்று சோதித்துப் பதிவு செய்தது. மாட்யூலும் அதே பதிவின்படி கம்பைல் ஆகிறது. இந்த ஃபிளாக் ஜிசிசி 12-இல் வந்தது. உபுண்டு 22.04-இல் பின்னாளில் வந்த எச்டபிள்யுஇ (புதிய வன்பொருளுக்கான) கர்னல்கள் ஜிசிசி 12-ஆல் பில்டு ஆனவை. அந்த வெளியீட்டின் இயல்புநிலைக் கம்பைலரோ ஜிசிசி 11. மேக்ஃபைலைத் திருத்தி ஃபிளாக்கை நீக்க வேண்டாம். அது, மதிப்பு கொடுக்காத மாறிகளைச் சுழியாக்கும் பாதுகாப்பு. நீக்கினால் அந்த மாட்யூலில் மட்டும் அது இருக்காது. ஜிசிசி-12 தொகுப்பை நிறுவி, சிசி=ஜிசிசி-12 என்று கொடுங்கள். எந்தக் கம்பைலர் என்பதை /ப்ராக்/வெர்ஷன் கோப்பே சொல்லும்.